நடுகல் முதல் படுகளம் வரை: தருமபுரியின் வீரர் உலகங்கள்

ஸ்பைடர்மேன், ஹல்க், பேட்மேன் என்ற பெயர்கள் இன்று தமிழ்நாட்டுச் சிறுவர்களுக்கும் நன்றாகவே தெரியும். அவர்களின் அப்பாக்களுக்கு இரும்புக்கை மாயாவியைத் தெரியும். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழிலேயே வந்தவர் அவர். 1997-ல் தூர்தர்ஷனில் சக்திமான் வந்தார். படித்தும் பார்த்தும் ரசித்த இந்த வீரர்கள் வாழும் உலகத்துக்குள் ஒரு நாளாவது நுழைந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை ரசிகர்கள் எல்லோருக்கும் உண்டு. அந்த ஆசையை வைத்துத்தான் பொழுதுபோக்குப் பூங்காக்களில் சூப்பர் ஹீரோ பகுதிகள் உருவாயின.

அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் 1999 மே மாதம் திறக்கப்பட்ட யுனிவர்சல் பூங்காவில் 'மார்வெல் சூப்பர் ஹீரோ ஐலண்ட்' என்று ஒரு பகுதி உண்டு. அங்கே கட்டிடங்கள், கடைகள், தூண்கள் எல்லாமே காமிக்ஸ் பக்கத்தைப் போல வண்ணம் தீட்டப்பட்டவை. ஹல்க் பெயரில் ஒரு ரோலர் கோஸ்டரும் ஸ்பைடர்மேன் பெயரில் ஒரு சவாரியும் உள்ளன. 2018-ல் அபுதாபியில் பேட்மேனின் காத்தம் நகரமும் சூப்பர்மேனின் மெட்ரோபோலிஸ் நகரமும் ஒரே கூரையின் கீழ் கட்டப்பட்டன. 2021-ல் கலிபோர்னியாவின் டிஸ்னி பூங்காவில் 'அவெஞ்சர்ஸ் கேம்பஸ்' வந்தது. இந்தியாவிலும் இதற்குச் சிறிய உதாரணங்கள் உண்டு. மகாராஷ்டிராவின் கோபோலி அருகே 2013-ல் திறக்கப்பட்ட இமேஜிகா பூங்காவில், 1987-ல் வந்த 'மிஸ்டர் இந்தியா' படத்தை வைத்து ஒரு சவாரி அமைத்தார்கள். சென்னை தாம்பரம் அருகே 1990-களில் உருவான பூங்காவுக்கு அனுமன், சுக்ரீவனின் நாடான கிஷ்கிந்தாவின் பெயரையே வைத்தார்கள்.

தருமபுரி மாவட்டத்தில் இப்படிப்பட்ட பூங்கா எதுவும் இல்லை. ஆனால் வீரனுக்கென்று ஓர் இடம் அமைப்பதும், அங்கே மக்கள் திரண்டு போவதும், போன இடத்தில் அழுவதும் ஆடுவதும் வேண்டிக்கொள்வதும் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. இங்கே அந்த வரலாறு ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் நீளமானது.

கல்லாய் நின்ற வீரர்கள்

அக்காலத்தில் தகடூர் நாடு என்று அழைக்கப்பட்ட பகுதிதான் இன்றைய தருமபுரி. மலையும் காடும் மேய்ச்சல் நிலமும் நிறைந்த எல்லைப்புறப் பகுதி இது. கிழக்கே பல்லவர், மேற்கே கங்கர், வடக்கே பாணர், பின்னாளில் நுளம்பர் எனப் பல அரசுகளின் கை இங்கே மாறி மாறி ஓங்கியது. அரசு எதுவானாலும் மக்களுடைய செல்வம் மாடுதான். மாட்டு மந்தையைத் 'தொறு' என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. பகைவர் தொறுவைக் கவர்ந்து போனால், ஊர் இளைஞர்கள் துரத்திப் போய் மீட்பார்கள். அந்தச் சண்டையில் இறந்தவனைப் 'பட்டான்' என்று எழுதி, அவன் உருவத்தைப் பலகைக் கல்லில் செதுக்கி ஊர் எல்லையில் நட்டார்கள். அதுதான் நடுகல்.

நடுகல் நடுவதற்கு ஒரு முறையே இருந்தது. தொல்காப்பியம் அதை ஆறு படிகளாகச் சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பது காட்சி. அதைக் கொண்டுவர நாள் பார்ப்பது கால்கோள். நீராட்டுவது நீர்ப்படை. பிறகு நடுதல். நட்ட பின் படையலிடுவது பெரும்படை. கடைசியில் வாழ்த்து. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் கண்ணகிக்குக் கல் எடுக்கும் காதைகளும் இதே வரிசையில்தான் அமைந்திருக்கின்றன. நெடுமான் அஞ்சி இறந்தபோது அவனுடைய நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள் ஊற்றுவதைப் பார்த்து ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் உள்ளது. நாடே கொடுத்தாலும் வாங்காதவன் இந்தச் சிறு கலத்துக் கள்ளையா ஏற்பான் என்பது அவருடைய ஏக்கம். அந்த அஞ்சி தகடூரை ஆண்டவன். 1981-ல் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ஜம்பை மலையில் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சொல்கிறது. பாட்டில் மட்டுமே இருந்த வீரன் வரலாற்றிலும் இருந்தான் என்பதற்கு அது நேரடிச் சான்று.

தமிழ்நாட்டில் கிடைத்த மிகப் பழைய நடுகற்கள் தருமபுரியில் கிடைத்தவை அல்ல. 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்-பிராமி எழுத்துடன் கிடைத்த கற்கள்தான் அந்தப் பெருமைக்குரியவை. ஆனால் எண்ணிக்கையில் தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளுக்கு ஈடு கிடையாது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களில் இரா. நாகசாமி தலைமையில் இந்தப் பகுதிகளில் ஊர் ஊராகத் தேடியது. 'செங்கம் நடுகற்கள்', 'தருமபுரி கல்வெட்டுகள்' ஆகிய தொகுதிகள் அந்த உழைப்பின் பயன். சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் போன்ற பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டு குறித்த வட்டெழுத்துக் கற்கள் அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிய வந்தன.

இந்தக் கற்களில் உள்ள உருவத்தை ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஒரு கையில் வில், மறு கையில் வாள், இடுப்பில் கச்சை, உடம்பில் தைத்த அம்புகள். அம்பு தைத்திருந்தாலும் வீரன் விழவில்லை. கால் முன்னே வைத்துப் பாய்கிற நிலையில்தான் நிற்கிறான். சற்றுப் பிற்காலக் கற்களில் தேவமகளிர் இரு புறமும் வந்து அவனை மேலே அழைத்துப் போகிறார்கள். கீழே போர், நடுவே வானுலகப் பயணம், மேலே சொர்க்கம் என்று அடுக்கடுக்காகக் கதை சொல்லும் கற்களும் உண்டு. எழுத்துப் படிக்கத் தெரியாதவனும் கதையைப் புரிந்துகொள்ளலாம். இன்றைய காமிக்ஸ் கட்டங்கள் செய்வதும் இதைத்தான்.

வீரன் என்றால் அரசன்தான் என்றும் இல்லை. நடுகல் பெற்றவர்களில் பலர் சாதாரண சேவகர்கள். புலியோடு போராடி இறந்தவனுக்குப் புலிக்குத்திக் கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் அவனுடைய நாய் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்தது என்று பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே ஒரு கல் உண்டு. வீரம் எங்கே இருந்ததோ அங்கே கல் நட்டிருக்கிறார்கள்.

பெயர் போனது, பூசை போகவில்லை

காலப்போக்கில் வட்டெழுத்து வழக்கொழிந்தது. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லை. தொறு மீட்டவனின் பெயரும் மறந்து போனது. ஆனால் கல்லை யாரும் கைவிடவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களின் பல ஊர்களில் நடுகல் 'வேடியப்பன்' என்ற தெய்வமாகி விட்டது. கையில் வில் இருப்பதைப் பார்த்து வேட்டைக்காரன் என்று மக்கள் எண்ணியதால் இந்தப் பெயர் வந்திருக்கலாம். மரத்தடியிலோ, மூன்று பக்கமும் பலகைக் கல் நிறுத்தி மேலே ஒரு கல் மூடிய சிறு மாடத்திலோ வேடியப்பன் இருப்பார். பொங்கல் வைப்பார்கள், கிடா வெட்டுவார்கள், பிள்ளைகளுக்கு மொட்டை அடிப்பார்கள். பிள்ளைக்கு அவர் பெயரையே வைப்பதும் உண்டு. இந்த மாவட்டங்களில் வேடியப்பன் என்ற பெயர் கொண்டவர்கள் ஏராளம்.

உலகத்தில் வேறெந்த ரசிகரும் இப்படிச் செய்திருப்பாரா என்பது சந்தேகம்தான். வீரனின் பெயர், ஊர், அவன் செத்த சண்டை, அவனை ஆண்ட மன்னன் எல்லாம் மறந்து போன பிறகும், ஆயிரம் ஆண்டுகளாக அவனுக்கு ஆண்டுதோறும் படையல் நடந்துகொண்டே இருக்கிறது.

பதினெட்டு நாள் பாரதம்

நடுகல் நிரந்தரமாக நிற்பது. இன்னொரு வீரர் உலகம் சில நாட்களுக்கு மட்டும் கட்டப்பட்டுப் பிறகு கலைந்து போவது. அதுதான் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதத் திருவிழா. தருமராஜா கோயில் என்றும் இவற்றைச் சொல்வார்கள். தருமபுரி உட்பட வட தமிழ்நாடு முழுவதும் பங்குனி முதல் ஆடி வரை அறுவடை ஓய்ந்த காலத்தில் இது நடக்கும். கொடி ஏற்றிக் காப்புக் கட்டியதும் பகலில் வில்லிபாரதத்தை ஒட்டிய சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து என்று நாட்கள் நகரும். முழுமையாக நடத்தினால் பதினெட்டு நாட்கள். சில ஊர்களில் அதற்கு மேலும் உண்டு.

இங்கே மேடையில் மட்டும் கதை நடப்பதில்லை. ஊரே பாரத பூமியாக மாறும். பகாசுரனுக்குச் சோறு கொண்டு போகும் நாளில் வண்டியில் பீமன் ஏறித் தெருத்தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் தருவார்கள். அர்ச்சுனன் தபசு அன்று ஊருக்கு வெளியே உயரமான மரத்தை நட்டுப் படிக்கட்டைகள் அடித்திருப்பார்கள். அர்ச்சுனன் வேடம் போட்ட கூத்துக்காரர் ஒவ்வொரு படியிலும் பாட்டுப் பாடிக்கொண்டே மேலே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம் பழத்துக்கும் விபூதிக்கும் கீழே முந்தானை ஏந்தி நிற்கும் பெண்கள் பலர். பிள்ளை வரம் வேண்டி ஈரத் துணியோடு மரத்தைச் சுற்றிக் கிடப்பவர்களும் உண்டு.

கடைசி நாள் படுகளம். கோயில் திடலில் மண்ணால் துரியோதனன் உருவத்தைப் படுத்த நிலையில் செய்து வண்ணம் பூசியிருப்பார்கள். முப்பது, நாற்பது அடிக்கும் மேல் நீளமான உருவங்கள் உண்டு. பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றி ஓடி ஓடிச் சண்டையிடுவார்கள். கூட்டமும் பின்னால் ஓடும். பீமன் தொடையில் அடிக்கும் இடத்தில் செந்நீர் வைத்திருப்பார்கள். அதைத் தொட்டுத் திரௌபதியின் விரிந்த கூந்தலை முடிந்ததும் திடல் முழுவதும் குலவை எழும். மாலையில் தீமிதி. சில ஊர்களில் துரியோதனன் உருவத்து மண்ணை ஒரு பிடி எடுத்துப் போய்க் குதிரிலோ வயலிலோ போடுவார்கள், விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கை. மறுநாள் பார்த்தால் அந்தப் பெரிய உருவம் கலைந்து வெறும் மேடாகக் கிடக்கும்.

இங்கே வரும் மக்களைப் பார்வையாளர்கள் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அபிமன்யு விழும் இரவில் பெண்கள் உண்மையாகவே அழுவார்கள். துகிலுரிதல் நடக்கும்போது கற்பூரம் ஏற்றுவார்கள். கர்ணன் சாவு இந்தப் பகுதியில் திருவிழாவோடு நிற்பதில்லை. வீட்டில் ஒருவர் இறந்தால் காரியத்தன்று 'கர்ண மோட்சம்' கூத்து வைப்பது வட தமிழ்நாட்டு வழக்கம். அந்த இரவில் கர்ணனுக்காக அழுவதும் தன் வீட்டில் போனவருக்காக அழுவதும் ஒன்றாகவே இருக்கும்.

ரசிகருக்கு என்ன உரிமை?

மேலை நாட்டுப் பூங்காக்களின் ரசிகர்களுக்கும் இப்படிப்பட்ட உணர்ச்சி இல்லாமல் இல்லை. கலிபோர்னியா டிஸ்னி பூங்காவில் இருந்த 'டவர் ஆஃப் டெரர்' என்ற பழைய சவாரியை மாற்றி 2017-ல் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்சி' சவாரியாக்கியபோது பழைய ரசிகர்கள் மனம் வருந்தினார்கள். புதிய ரசிகர்கள் கொண்டாடினார்கள். டிஸ்னி பூங்காக்களில் 14 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சாதாரண நாட்களில் முழு வேடமிட்டு வர அனுமதி இல்லை. அதனால் ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த வீரனின் வண்ணத்தில் சாதாரண உடை உடுத்தி வரும் வழக்கத்தைக் கண்டுபிடித்தார்கள்.

ஆனால் அங்கே வீரனுக்குச் சொந்தக்காரர் உண்டு. 1994-ல் மார்வெல் நிறுவனம் யுனிவர்சல் பூங்காவின் அன்றைய உரிமையாளரான எம்.சி.ஏ.வுடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2009-ல் மார்வெலையே டிஸ்னி வாங்கிவிட்டது. ஆனாலும் அந்த ஒப்பந்தம் காரணமாக ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் ஸ்பைடர்மேன் சவாரி கட்ட முடியாது. ஒப்பந்தத்துக்குள் வராத கார்டியன்ஸ் கதைக்கு மட்டும் 2022-ல் அங்கே இடம் கிடைத்தது. ஸ்பைடர்மேன் எந்த ஊரில் வலை வீச வேண்டும் என்பதை வழக்கறிஞர்கள் தீர்மானிக்கிறார்கள்.

அர்ச்சுனனுக்கும் பீமனுக்கும் அப்படி உரிமையாளர் கிடையாது. எந்த ஊரும் தன் திடலில் படுகளம் கட்டலாம். நுழைவுச்சீட்டும் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் வழி திறந்திருந்தது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பல ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் வாசல் எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்கவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் கோயிலுக்குள் வருவதைத் தடுத்ததால் எழுந்த மோதலில், 2023 ஜூன் மாதம் அரசு அதிகாரிகள் திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைக்க நேர்ந்தது. சபையில் நியாயம் கேட்ட பெண்ணின் கோயிலிலேயே நியாயம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே காசு செய்யும் வேலையை இங்கே சாதி செய்கிறது.

காப்பாற்றுவதா, கும்பிடுவதா?

நடுகற்களுக்கு வேறு சிக்கல். வழிபாட்டில் இல்லாத கற்கள் பல வயலோரத்தில் சாய்ந்து கிடக்கின்றன. துணி துவைக்கும் கல்லாகவும் படிக்கல்லாகவும் போனவை உண்டு. சாலை அகலமாகும்போதும் நிலம் சமப்படுத்தும்போதும் காணாமல் போனவை எத்தனை என்று கணக்கெடுக்க வழியில்லை. ஆகவே தொல்லியல் துறை பல கற்களை எடுத்து வந்து தருமபுரி நகரில் உள்ள அகழ்வைப்பகத்தில் வைத்திருக்கிறது. வரிசையாக நிற்கும் அந்தக் கற்களின் நடுவே நடந்தால், பல நூற்றாண்டு வீரர்கள் ஒரே இடத்தில் கூடி நிற்பது போல இருக்கும். எழுத்து தேயாமல் காக்கப்படுகிறது. ஆராய்ச்சி மாணவர்கள் படிக்க முடிகிறது. ஆனால் அங்கே எண்ணெய் பூச முடியாது, பொங்கல் வைக்க முடியாது. எந்த மந்தைக்காக, எந்த ஊர் எல்லையில் உயிர் விட்டானோ அந்த மண்ணிலும் அவன் இப்போது இல்லை.

ஊரில் இருக்கும் கல்லுக்கு இதற்கு நேர் எதிரான நிலை. பூசை உண்டு. ஆனால் ஆண்டாண்டாக எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறி எழுத்து மறைகிறது. சில இடங்களில் பக்தியோடு சிமெண்ட் பூசிப் பெயிண்ட் அடித்து விடுகிறார்கள். ஆய்வாளர் காப்பாற்ற விரும்புவது எழுத்தை. ஊரார் காப்பாற்ற விரும்புவது தெய்வத்தை. இரண்டு பேரும் ஒரே கல்லைத்தான் நேசிக்கிறார்கள்.

தருமபுரிக்கு அருகே அதியமான்கோட்டையில் அரசு அமைத்த அதியமான் கோட்டம் மூன்றாவது வகை. அதியமானும் ஔவையாரும் அங்கே சிலையாக இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்த்து, நெல்லிக்கனிக் கதையை ஆசிரியர் சொல்லக் கேட்டுப் போவார்கள். இது பாடப்புத்தகம் போன்ற இடம். மரியாதை உண்டு. ஆனால் படுகளத்தில் எழும் அந்தக் குலவை இங்கே எழாது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. வீரர் உலகம் கட்டப் பெரும் பணம் தேவைதான் என்றாலும், அது உயிரோடு நீடிப்பது வருகிறவருக்கு அங்கே செய்ய ஏதாவது ஒரு வேலை இருக்கும்போதுதான். சோறு கொடுக்கலாம், பழம் பிடிக்கலாம், அழலாம், பின்னால் ஓடலாம், ஒரு பிடி மண் எடுத்துப் போகலாம். ஆர்லாண்டோவில் ரசிகன் விலை கொடுத்து வாங்கிப் போகும் பொம்மையும் படுகளத்து மண்ணும் ஒரே ஆசையின் இரண்டு வடிவங்கள்.

நடுகல்லையும் அதே போலக் காக்க வழி உண்டு. கல்லை ஊரிலேயே விட்டுவிட்டு, எழுத்தைப் படியெடுத்து, அதில் உள்ள வீரன் பெயரையும் அவன் எதற்காக இறந்தான் என்பதையும் பக்கத்தில் ஒரு பலகையில் இன்றைய தமிழில் எழுதி வைக்கலாம். எண்ணெயை எழுத்தில்லாத பக்கம் பூசச் சொன்னால் ஊரார் கேட்காமல் போக மாட்டார்கள். வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்க வரும் பிள்ளை தன் தெய்வத்தின் பழைய பெயரையும் தெரிந்துகொண்டு போகும். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மாடு மீட்கப் போய்த் திரும்பாதவனுக்கு அது அவனுடைய ஊர் இன்றும் செய்யக்கூடிய மரியாதை.